கடைசித் தலைமுறையை விலை பேசாதீங்க

உலகம் முழுக்க ஓர்கா (கொலைகாரத் திமிங்கிலம்), டால்பின், பெலுகா (வெள்ளைத் திமிங்கிலம்) எல்லாத்தையும் வச்சு பூங்கா நடத்துற முதலாளிகளுக்கும் நிர்வாகக் குழுவுல உக்காந்திருக்கவங்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடல் உங்க டிரெய்னர்களுக்கு இல்ல, உங்க டாக்டர்களுக்கும் இல்ல. அவங்கள்ல நிறைய பேர் அந்த உயிருங்க மேல நிஜமான பாசம் வச்சிருக்காங்க, ஒரு குட்டிக்கு முடியலன்னா ராத்திரி முழுக்க இடுப்பளவு தண்ணியில நின்னு அதைத் தாங்கிப் பிடிக்கிறவங்க அவங்கதான். ஆனா எந்த மிருகம் எந்தத் தொட்டிக்குப் போகணும், எதோட எது சேரணும், எந்தக் குட்டியை எப்போ அம்மாகிட்டேர்ந்து பிரிச்சு எந்த நாட்டுக்கு ஏத்தணும்னு முடிவு பண்றது அவங்க இல்ல, நீங்க. அதனால உங்ககிட்டயே பேசுறேன்.

கேக்கப் போறதை முதல்லயே சொல்லிடுறேன். இனிமே உங்க தொட்டியில ஒரு குட்டிகூடப் பொறக்கக் கூடாது, இப்போ உள்ள இருக்கறதுல ஒண்ணைக்கூட இன்னொரு ஷோவுக்கு விக்கக் கூடாது, மிச்சம் இருக்கற ஒவ்வொண்ணும் சாகற வரைக்கும் அதோட செலவும் பொறுப்பும் உங்களோடது. "பூங்காவை மூடிட்டோம்"னு ஒரு அறிக்கை விட்டுட்டு கிளம்பிடற விஷயம் இல்ல இது.

ஏன் இதை இப்போ இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, மூடுனதுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு நாம கண்ணால பாத்துட்டோம். பிரான்ஸ்ல 2021ல திமிங்கிலம், டால்பின் ஷோவைத் தடை பண்ணி சட்டம் போட்டாங்க, ஆன்டீப்ல இருந்த மரீன்லேண்ட் பூங்கா 2025 ஜனவரி 5ஆம் தேதி கதவைச் சாத்துச்சு. கூட்டம் போயிடுச்சு, டிக்கெட் கவுன்டர் போயிடுச்சு, ஆனா விக்கீங்கற ஓர்காவும் அதோட மகன் கெய்ஜோவும் பன்னெண்டு டால்பினும் அங்கயே நின்னுச்சுங்க. ஜப்பானுக்கு அனுப்பலாம்னு பேச்சு வந்தப்போ பிரான்ஸ் அரசு ஒத்துக்கல. டெனரிஃப் தீவுல இருக்கற லோரோ பார்க்குக்கு அனுப்பலாம்னு பாத்தாங்க, அங்க இருக்கற தொட்டியோட பரப்பும் ஆழமும் ரெண்டு ஓர்காவை சேத்து வச்சுக்கப் போதாதுன்னு ஸ்பெயின் அதிகாரிங்க மறுத்துட்டாங்க. அம்மா, மகன் ரெண்டுமே அந்தப் பூங்காவுலயே பொறந்ததுங்க, கடல்ல ஒரு நாள்கூட நீந்தினதில்ல. கடலுக்கும் விட முடியாது, தொட்டியும் பாழாயிட்டு இருக்கு, போறதுக்கு வேற இடமும் தயாரா இல்ல. இந்த நிலைமை ஏதோ திடீர்னு வந்து விழுந்தது இல்ல, 2001ல விக்கீ பொறந்த அன்னிக்கே இதுக்கு ஒரு வழி யோசிச்சிருக்க வேண்டியது பூங்கா நடத்தினவங்க.

கனடாவுல நடந்தது இன்னும் மோசம். 2019 ஜூன்ல திமிங்கிலம், டால்பினை அடைச்சு வைக்கறதையும் இனப்பெருக்கம் பண்ண வைக்கறதையும் தடை பண்ணி சட்டம் வந்துச்சு, ஏற்கனவே உள்ள இருக்கறதுங்க மட்டும் அங்கயே இருக்கலாம்னு விட்டாங்க. நயாகரா நீர்வீழ்ச்சி பக்கத்துல இருக்கற, அதே பேர் உள்ள இன்னொரு பூங்காவான மரீன்லேண்ட்ல கிஸ்கான்னு ஒரு ஓர்கா இருந்துச்சு. 1979ல ஐஸ்லாந்து கடல்ல குட்டியா பிடிச்சது. அதுக்குப் பொறந்த அஞ்சு குட்டியும் செத்துப்போச்சு. 2011லேர்ந்து தன் இனத்துல இன்னொரு உயிரோட முகத்தைப் பாக்காம, 2023 மார்ச்ல சாகற வரைக்கும் அந்தத் தொட்டியில தனியா சுத்திக்கிட்டு இருந்துச்சு. பன்னெண்டு வருஷம்ங்க. ஓர்கா மாதிரி வாழ்நாள் பூரா அம்மாவோடயும் கூடப்பொறந்ததோடயும் ஒட்டிக்கிட்டே திரியற ஒரு ஜீவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்க முடியும்னு எனக்குத் தெரியல. அந்தப் பூங்காவுல அப்புறம் 30 பெலுகா மிச்சம் இருந்துச்சு. அதுங்களை சீனாவுல சிம்லாங் பூங்காவுக்கு அனுப்ப அனுமதி கேட்டாங்க, 2025 அக்டோபர்ல மீன்வள அமைச்சர் மறுத்துட்டாங்க. உடனே பணம் வரலன்னா கருணைக்கொலை பண்ண வேண்டியதா இருக்கும்னு நிர்வாகம் அரசாங்கத்துக்கு எழுதுச்சு.

அந்த வரியைப் படிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது. அமைச்சர் மறுத்தது சரி, ஏன்னா சீனாவுக்குப் போயிருந்தா திரும்பவும் ஷோ, திரும்பவும் குட்டி, அந்தக் குட்டிக்கும் இதே கதை. ஆனா இத்தனை வருஷம் அதுங்களை வச்சு சம்பாதிச்ச இடத்துல, அதுங்களோட முதுமைக்குன்னு ஒரு தொகை தனியா எடுத்து வைக்கணும்னு யாருக்குமே தோணலையா? சுரங்கம் தோண்டுற கம்பெனிக்குக்கூட வேலை முடிஞ்சப்புறம் நிலத்தை மூடி சரி பண்ண முன்கூட்டியே பணம் கட்டணும்னு பல நாட்டுல சட்டம் இருக்கு. மண்ணுக்கு இருக்கற அந்த ஏற்பாடு 40, 50 வருஷம் வாழற ஒரு உயிருக்கு இல்ல.

சட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. பிரிட்டன்ல கடைசி டால்பினேரியம் (டால்பினை அடைச்சு வச்சு ஷோ காட்டுற இடம்) 1993லயே மூடிட்டாங்க, கோஸ்டாரிகா 2005ல தடை போட்டுச்சு, இந்தியாவுல 2013 மே மாசம் டால்பினேரியம் எதுக்கும் அனுமதி கிடையாதுன்னு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சுற்றறிக்கை அனுப்புச்சு, மெக்சிகோ 2025ல ஷோவைத் தடை பண்ணிடுச்சு. ஆனா ஒவ்வொரு தடைக்கும் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு, ஒரு நாடு மூடினா அடுத்த நாட்டுல புதுசா ஒண்ணு திறக்கறாங்க, மிருகங்க மட்டும் பெட்டியில ஏறி விமானத்துல போய்க்கிட்டே இருக்குதுங்க. இந்த ஓட்டையை எந்த ஒரு நாடும் தனியா அடைக்க முடியாது, விக்கறவங்க விக்க மாட்டேன்னு சொன்னாதான் அடையும். அதுக்குத்தான் அரசாங்கத்துக்கு எழுதாம உங்களுக்கு எழுதுறேன்.

தொட்டியில அப்படி என்னதான் குறைன்னு உங்கள்ல சிலர் இன்னமும் கேக்கறீங்க. வேளாவேளைக்கு சாப்பாடு, டாக்டர், சுறா பயம் இல்ல, வலை பயம் இல்லன்னு. சாப்பாட்டுலேர்ந்தே ஆரம்பிக்கலாம். திமிங்கிலமும் டால்பினும் தண்ணிக்கு நம்பி இருக்கறது உயிரோட பிடிக்கற மீன்ல இருக்கற ஈரத்தைத்தான். உங்ககிட்ட கிடைக்கறது உறைய வச்சு உருக்குன செத்த மீன், அதுல தண்ணியும் வைட்டமினும் குறைஞ்சு போயிருக்கும், அதனாலதான் ஜெலட்டின் கட்டியும் வைட்டமின் மாத்திரையும் கூடவே கொடுக்கறீங்க. வேட்டையாடற மிருகத்துக்கு வேட்டை போச்சு, சாப்பாட்டுக்கு விசில் சத்தத்தை எதிர்பாத்து நிக்குது. 2014ல நீதிமன்ற ஆவணத்துல வெளிய வந்த மாதிரி, ஓர்காவுக்கு மனசு அமைதியாக மனுஷங்களுக்குக் கொடுக்கற டயாசிபாம் மாத்திரை கொடுக்கற அளவுக்குப் போயிருக்கு. நல்லா இருக்கற ஒரு உயிருக்கு அந்த மாத்திரை எதுக்கு?

அப்புறம் பல்லு. 2017ல 29 ஓர்காவோட பல்லை ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க, அத்தனைக்கும் ஏதோ ஒரு விதத்துல பல் சேதம் இருந்துச்சு. காங்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் கடிச்சுக் கடிச்சு தேஞ்சு உடைஞ்சு போனது. உடைஞ்ச பல்லை டிரில் போட்டு ஓட்டை பண்ணி, அந்த ஓட்டையை அடைக்காம விட்டு, தினம் மருந்துத் தண்ணி பீச்சிக் கழுவறது உங்க டிரெய்னர்களோட அன்றாட வேலையில ஒண்ணா ஆயிடுச்சு. கம்பியைக் கடிக்கிற ஒரு ஜீவன் எதுக்குக் கடிக்குதுன்னு கேக்காம, கடிச்சதால வந்த ஓட்டையைக் கழுவறதுக்கு ஒரு நேர அட்டவணை போட்டு வச்சிருக்கோமே, இதை எப்படி பராமரிப்புன்னு சொல்றீங்க?

ஆம்பள ஓர்காவோட முதுகுத் துடுப்பு ஆறடி உயரம் வரைக்கும் நெட்டுக்குத்தா நிக்கும், உங்க தொட்டியில வளந்ததுங்களுக்கு அது ஒரு பக்கமா மடிஞ்சு தொங்குது, கடல்ல அப்படிப் பாக்கறது ரொம்ப அபூர்வம். ஒரே நாள்ல 100 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடிய, பல நூறு மீட்டர் ஆழம் முங்கக்கூடிய உடம்பு அது. நீங்க எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் அதுக்கு ஈடு கட்ட முடியாது, அதனால தொட்டியைப் பெருசாக்கறோம்னு நீங்க விடற அறிக்கையை நான் ஒரு பதிலாவே எடுத்துக்கல.

ஆனா இடத்தைவிடப் பெரிய இழப்பு ஒண்ணு இருக்கு, அது குடும்பம். அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துக் கரையோரம் வாழற ஓர்காக் கூட்டத்துல மகனும் மகளும் சாகற வரைக்கும் அம்மாவை விட்டுப் போறதில்ல, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியா ஒரு பேச்சு உண்டு, குட்டி அதைக் கேட்டுக் கேட்டுதான் கத்துக்கும். வயசான பாட்டிங்க, குட்டி போடற வயசு தாண்டியும் பல வருஷம் வாழ்ந்து, மீன் கம்மியா இருக்கற காலத்துல கூட்டத்தை முன்ன நின்னு கூட்டிட்டுப் போகும். 2018ல அந்தக் கூட்டத்துல டாலெக்குவான்னு ஒரு தாய் ஓர்கா, பொறந்த கொஞ்ச நேரத்துலயே செத்துப்போன குட்டியை 17 நாள், ஏறக்குறைய 1600 கிலோமீட்டர் தூரம் தலையில தாங்கிக்கிட்டுப் போச்சு, கீழ விழ விழ முங்கி எடுத்துத் திரும்பத் தூக்குச்சு. இது ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரையில மூலையில கெடந்த விஷயம் இல்ல, உலகமே பாத்துச்சு. அதைப் பாத்துட்டும் பால்குடி மறக்காத குட்டியைத் தாய்கிட்டேர்ந்து பிரிச்சு இன்னொரு ஊர் தொட்டிக்கு மாத்தின பழைய கணக்குப் புத்தகம் உங்ககிட்ட இருக்கும், அதைத் தயவுசெஞ்சு ஒரு தடவை திறந்து பாருங்க.

இதே வாஷிங்டன் கூட்டத்துலேர்ந்துதான் 1970 ஆகஸ்ட் 8ஆம் தேதி பென் கோவ்ங்கற குடாவுல டோக்கிட்டேங்கற குட்டி ஓர்காவைப் பிடிச்சாங்க. விமானம், படகு, வெடின்னு எல்லாத்தையும் வச்சு மிரட்டி எண்பதுக்கும் மேல ஓர்காவை வளைச்சுக் குட்டிங்களைத் தனியா பிரிச்சாங்க, வலையில சிக்கி அஞ்சு செத்துச்சு. செத்த உடம்பு வெளிய தெரியக் கூடாதுன்னு வயித்தைக் கிழிச்சு கல்லை நிரப்பிக் கடல்ல அமுக்கினாங்க, அதுல சிலது சில மாசத்துல கரையில ஒதுங்கி விஷயம் வெளிய வந்துச்சு. டோக்கிட்டே மயாமிக்குப் போச்சு, லோலிட்டான்னு மேடைப் பேர் வச்சாங்க, அதோட கூட இருந்த ஹியூகோங்கற ஓர்கா சுவத்துல தலையை முட்டி முட்டி 1980ல செத்தப்புறம் தன் இனத்துல துணையே இல்லாம இருந்துச்சு. லம்மி பழங்குடி மக்கள் அதைத் தங்களோட சொந்தமா நினைச்சு, வீட்டுக்குத் திருப்பி அனுப்புங்கன்னு வருஷக்கணக்கா கேட்டாங்க. ஒருவழியா 2023 மார்ச்ல அனுப்பறோம்னு அறிவிச்சாங்க, ஆகஸ்ட் 18ஆம் தேதி அது செத்துப்போச்சு. 53 வருஷம் கழிச்சு லம்மி மக்கள் கைக்கு வந்தது அதோட சாம்பல்தான்.

அந்தக் கூட்டத்துல இப்போ 75 உருப்படி இருந்தா அதிகம். 60கள்லயும் 70கள்லயும் பூங்காக்களுக்காகப் பிடிச்சதும் பிடிக்கறப்போ செத்ததுமா நாப்பதுக்கும் மேல போனதுல, அடுத்த தலைமுறைக்குத் தாயா ஆகியிருக்க வேண்டிய குட்டிங்கதான் நிறைய. இன்னிக்கு அதுங்களுக்குச் சால்மன் மீன் கிடைக்கறதில்ல, கப்பல் சத்தம், கடல்ல கலக்கற நஞ்சுன்னு வேற பிரச்சினைகளும் இருக்கு, எல்லாத்தையும் உங்க தலையில கட்டல. ஆனா "நாங்க இனத்தைக் காப்பாத்துறோம்"னு நீங்க போர்டு வைக்கறப்போ இந்தக் கணக்கையும் அதுல எழுதணும்.

அந்தக் காப்பாத்தற பேச்சைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே பேசணும், ஏன்னா நல்ல மனசுள்ள நிறைய பேர் உங்க பக்கம் நிக்கறது அதுக்காகத்தான். சீனாவோட யாங்சி ஆத்துல பைஜின்னு ஒரு டால்பின் இனம் இருந்துச்சு. 1980ல காயத்தோட பிடிபட்ட ஒரு ஆணை, சிச்சின்னு பேர் வச்சு, வூஹான் ஆராய்ச்சி நிலையத்துல வச்சுப் பாத்துக்கிட்டாங்க, 2002ல அது சாகற வரைக்கும் நிலைக்கிற மாதிரி ஒரு ஜோடி கிடைக்கவே இல்ல. 2006ல ஆறு முழுக்கத் தேடினப்போ அந்த இனத்துல ஒண்ணுகூடக் கண்ணுல படல. மெக்சிகோவுல வக்கீட்டாங்கற, டால்பின் மாதிரி இருக்கற குட்டிக் கடல் பன்றி, உலகத்துலயே அழிவுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற கடல் பாலூட்டி. அதைக் காப்பாத்த 2017ல நல்ல நல்ல டாக்டர்கள் எல்லாம் சேர்ந்து கடல்லயே கூண்டு கட்டிப் பிடிச்சுப் பாத்தாங்க, ஒரு பெட்டை சில மணி நேரத்துலயே அதிர்ச்சியில செத்துப்போச்சு, திட்டத்தையே நிறுத்திட்டாங்க. வக்கீட்டாவைக் கொல்றது டொட்டோவாபா மீனுக்குப் போடற செவுள் வலை, அந்த வலையைக் கடல்லேர்ந்து எடுக்கறதுதான் வேலை, தொட்டி அதுக்கு மருந்தே இல்ல.

சரி, ஜெயிச்ச உதாரணமே இல்லையான்னா இருக்கு, அதையும் மறைக்காம சொல்றேன். அதே யாங்சியில துடுப்பில்லாக் கடல் பன்றின்னு இன்னொரு இனம் இருக்கு. ஆத்தோட பழைய வளைவு ஒண்ணு தியானெஜோங்கற இடத்துல ஏரி மாதிரி தனியாப் பிரிஞ்சு நிக்குது, 20 கிலோமீட்டருக்கும் மேல நீளம். 1990லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா அதுங்களைக் கொண்டுபோய் அதுல விட்டாங்க, தானா மீன் பிடிச்சுத் தின்னு, தானா ஜோடி சேர்ந்து, இப்போ 100க்குப் பக்கத்துல பெருகியிருக்கு. அங்க மேடை கிடையாது, பந்து கிடையாது, விசில் கிடையாது, ஒரு மீனுக்காக மனுஷன் மூஞ்சியைப் பாக்க வேண்டியதில்ல. இனத்தைக் காப்பாத்தற அடைப்பு எப்படி இருக்கும்னா இப்படித்தான் இருக்கும். உங்க தொட்டியில இருக்கற குப்பிமூக்கு டால்பின் அழிஞ்சுக்கிட்டு இருக்கற இனமும் இல்ல, அதுங்களோட குட்டி எதையும் கடலுக்குத் திருப்பி விடறதுக்காக நீங்க வளக்கறதும் இல்ல, அப்புறம் எதைக் காப்பாத்தறதுக்கு அந்தக் குட்டி?

அதே மாதிரி உங்க மீட்புப் பணி. 2021ல ஃபுளோரிடாவுல கடல் புல் அழிஞ்சு, பட்டினியாலயும் மத்த காரணங்களாலயும் ஆயிரத்துக்கும் மேல கடல் பசுங்க செத்தப்போ, குத்துயிரா கிடந்ததுங்களைத் தூக்கிட்டு வந்து பால் கொடுத்துத் தேத்தித் திருப்பிக் கடல்ல விட்டதுல பூங்கா ஆட்களோட உழைப்பு பெருசு. அதை முழு மனசோட மதிக்கறேன். உங்க தொட்டிக்கும் பம்புக்கும் டாக்டர்களுக்கும் அதுதான் உருப்படியான எதிர்காலம்னு நினைக்கறேன், அடிபட்டது வரட்டும், குணமானா போகட்டும், போகவே முடியாததை மட்டும் ஷோ இல்லாம வச்சுப் பாத்துக்கலாம். ஆனா ஒரு பக்கம் கடல் பசுவைக் காப்பாத்தினதைக் காட்டி இன்னொரு பக்கம் டால்பின் ஷோவை நியாயப்படுத்தாதீங்க, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல.

ஆராய்ச்சியைப் பத்தியும் ஒரு வார்த்தை. தொட்டியில வச்சுதான் நிறைய தெரிஞ்சுகிட்டோம், மறுக்கல. 2001ல நியூயார்க் அக்வேரியத்துல ரெண்டு டால்பின் கண்ணாடியில தன்னைத்தானே அடையாளம் கண்டுக்குதுன்னு டயானா ரைஸும் லோரி மரீனோவும் நிரூபிச்சாங்க. அதுக்கப்புறம் லோரி மரீனோ என்ன பண்ணாங்கன்னா, இப்படித் தன்னை உணர்ற ஒரு உயிரை அடைச்சு வச்சு ஆராய்ச்சி பண்றது சரியில்லன்னு அந்த வேலையையே விட்டுட்டு, திமிங்கிலங்களுக்குக் கடல்ல சரணாலயம் அமைக்கற வேலைக்கு வந்துட்டாங்க. தொட்டி நமக்குச் சொல்லிக் கொடுத்ததுலயே பெரிய விஷயம் அதுங்களுக்குத் தொட்டி ஆகாதுங்கறதுதான், அதைத் தெரிஞ்சுகிட்டப்புறமும் அதே தொட்டியைக் கட்டிக்கிட்டு இருந்தா அந்த ஆராய்ச்சிக்கு என்ன மரியாதை?

"சரி, கடல்ல விட்டா செத்துடும், கெய்கோவைப் பாத்தீங்கல்ல"ன்னு கேப்பீங்க. எப்போ கேட்டாலும் இதைத்தான் கேக்கறீங்க, அதனால கெய்கோவோட கதையை முழுசா சொல்றேன். 1979ல ஐஸ்லாந்துல பிடிச்சு, கனடா போய், 1985ல மெக்சிகோ நகரத்துல ஒரு கேளிக்கைப் பூங்காவுல சேர்ந்து, டால்பினுக்குக் கட்டின சின்னத் தொட்டியில, உடம்பெல்லாம் வைரஸால புண்ணோட இருந்த ஓர்கா அது. ஒரு சினிமாவுல நடிச்சதால குழந்தைங்க உலகம் முழுக்க காசு சேத்து அனுப்பினாங்க, 1996ல ஓரிகனுக்குப் போச்சு, உடம்பு தேறி எடை கூடுச்சு, 1998ல ஐஸ்லாந்துல வெஸ்ட்மன் தீவுங்க பக்கம் கிளெட்ஸ்விக் குடாவுல வலை கட்டி விட்டாங்க. 2002ல காட்டு ஓர்காக்களோட கிளம்பி, மனுஷன் கை மீன் இல்லாம, வட அட்லாண்டிக் கடல்ல நீந்தி நார்வே வரைக்கும் போச்சு. அங்க போயும் மனுஷங்களையே தேடுச்சு, அதோட குடும்பம் எதுன்னு கண்டுபிடிச்சு சேக்கவே முடியல. 2003 டிசம்பர்ல நிமோனியாவுல செத்துச்சு, வயசு சுமார் 27.

நீங்க இதைத் தோல்வின்னு சொல்றீங்க. ரெண்டு வயசுல தாயை விட்டுப் பிரிச்சு, இருபது வருஷம் செத்த மீனும் கைத்தட்டலும் பழக்கி, அப்புறம் காட்டு வாழ்க்கை கத்துக்கலன்னா அது யாரோட தோல்வி? இருந்தும் கடைசி அஞ்சு வருஷம் அது கடல் தண்ணியில, அலையிலயும் குளிர்லயும், தன் இனத்தோட சத்தம் காதுல விழற தூரத்துல இருந்துச்சு. மெக்சிகோ தொட்டியில இருந்திருந்தா அதுவரைக்கும் உயிரோட இருந்திருக்குமாங்கறதே சந்தேகம்.

கொரியாவுல நடந்ததை நீங்க பேசறதே இல்ல. சியோல் பெரிய பூங்காவுல ஷோ காட்டிக்கிட்டிருந்த ஜெடோல்ங்கற டால்பினையும், வேற ஒரு பூங்காவுல இருந்த சம்பல், சுன்சம்ங்கற ரெண்டையும் நீதிமன்றம், மாநகரம்னு எல்லாத் தரப்பும் முன்கை எடுத்து, 2013ல ஜேஜு தீவுக் கடல்ல பழக்கித் திருப்பி விட்டாங்க. பழைய கூட்டத்தோடயே சேர்ந்துச்சுங்க, 2016ல சம்பலும் சுன்சமும் குட்டியோட நீந்தறதைப் பாத்தாங்க. அதுங்க கடல்ல பொறந்து, அதே கடல்ல பிடிபட்டு, சில வருஷத்துலயே திரும்பினதால அது முடிஞ்சுது. விக்கீக்கு அது முடியாது, எல்லாத்தையும் திறந்து விடுங்கன்னு நான் சொல்லவும் இல்ல. யாரால போக முடியும், யாரால முடியாதுன்னு ஒவ்வொண்ணா பாத்து முடிவு பண்ணணும், அதை முடிவு பண்றது பூங்காவுக்கு வெளியே இருக்கற டாக்டர்களா இருக்கணும்.

போக முடியாததுக்குத்தான் கடல் சரணாலயம். ஒரு குடாவை வலையால மறிச்சு, அலை, நண்டு, மீன், மழைன்னு எல்லாம் இருக்க, டாக்டரும் பக்கத்துலயே இருக்கற இடம். ஷாங்காய் ஷோவுலேர்ந்து 2019ல ரெண்டு பெலுகாவை ஐஸ்லாந்துக்கு, கெய்கோ இருந்த அதே குடாவுக்குத்தான் கொண்டு வந்தாங்க. எல்லாம் சுமுகமா போகல, குடாவுல விட்டு, உடம்பு சரியில்லாம போய், திரும்ப உள்தொட்டிக்குக் கொண்டுவந்துன்னு வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே இருக்கு. இதையும் நான் மறைக்கல, ஏன்னா இதுலேர்ந்துதான் நான் கேக்கற விஷயம் வருது. இது மெதுவான வேலை, நிறையப் பணம் பிடிக்கற வேலை, மிருகம் இளசா இருக்கறப்போவே ஆரம்பிக்க வேண்டிய வேலை. கனடாவுல நோவா ஸ்கோஷியா மாகாணத்து போர்ட் ஹில்ஃபோர்டுல திமிங்கிலங்களுக்கு ஒரு சரணாலயம் கட்ட நன்கொடையை நம்பிப் பல வருஷமா முயற்சி நடக்குது. டிக்கெட் வித்து பல பத்து வருஷம் லாபம் பாத்தவங்க நீங்க, அந்த உண்டியல்ல காசு போடறது பள்ளிக்கூடப் பிள்ளைங்க. இது எந்த ஊர் நியாயம்?

குட்டி போடறதை நிறுத்தினா அதுங்களோட இயல்பான வாழ்க்கையைத் தடுக்கறோம்னு ஒரு வாதம் வைக்கறீங்க, இதை மட்டும் நான் லேசா தள்ளிவிட மாட்டேன். தாய்மை அதுங்களுக்கு எவ்வளவு பெருசுன்னு மேல நானே எழுதியிருக்கேன், கருத்தடை மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. ஆனா தொட்டியில பொறக்கற குட்டியோட பக்கத்துலேர்ந்து பாருங்க. கார்க்கின்னு ஒரு ஓர்கா, 1969ல கனடா மேற்குக் கரையில பிடிச்சது, ஐம்பது வருஷத்துக்கும் மேல தொட்டி வாழ்க்கை, பல தடவை கருத்தரிச்சும் அதோட ஒரு குட்டிகூட ரெண்டு மாசம் தாண்டல, பால் கொடுக்கறது எப்படின்னு சொல்லித்தர பக்கத்துல ஒரு பாட்டியோ சித்தியோ இல்ல. பொழைக்கற குட்டிக்கோ பேச ஒரு கூட்டத்தோட பேச்சு கிடையாது, வேட்டை கிடையாது, திரும்பிப் போக ஒரு கடலும் கிடையாது. அம்மாவுக்கு ஒரு துணை வேணும்ங்கறதுக்காக இன்னொரு உயிருக்கு 40 வருஷ ஆயுள் தண்டனை எழுதறதை என்னால ஒத்துக்க முடியல. அமெரிக்காவோட பெரிய பூங்கா கம்பெனியான சீவேர்ல்டே 2016ல ஓர்கா இனப்பெருக்கத்தை நிறுத்தறோம்னு அறிவிச்சுச்சு, பூங்கா இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஓர்காவுக்கு சரின்னு பட்டது டால்பினுக்கும் பெலுகாவுக்கும் ஏன் படலன்னு அவங்களும் நீங்களும் சேர்ந்தே பதில் சொல்லணும்.

அதனால நான் கேக்கறது இது. இந்த வருஷத்தோட இனப்பெருக்கம் நிக்கணும், செயற்கைக் கருவூட்டலும் சேர்த்து. ஜப்பான்ல இருக்கற தைஜி மாதிரி இடத்துல விரட்டிப் பிடிக்கற டால்பினை நேராவும் தரகர் வழியாவும் வாங்க மாட்டோம்னு எழுத்துல கொடுக்கணும், ஜப்பானோட உயிரியல் பூங்கா சங்கமே 2015ல தன் உறுப்பினர்களுக்கு அந்தத் தடையைப் போட்டுடுச்சு. உங்ககிட்டேர்ந்து ஒரு மிருகம் வெளிய போகுதுன்னா சரணாலயத்துக்கோ மேடை இல்லாத இன்னொரு பராமரிப்பு இடத்துக்கோ மட்டும்தான் போகணும், அதுவும் அதோட கூடவே வளந்ததைப் பிரிக்காம. ஒவ்வொரு டிக்கெட்லேர்ந்தும் ஒரு பங்கு தனி அறக்கட்டளைக்குப் போகணும், பூங்கா திவாலானாலும் கடன்காரன் அந்தப் பணத்தைத் தொட முடியாத மாதிரி.

கடைசியா, உங்க ஏடு. உள்ள இருக்கற ஒவ்வொண்ணும் எங்க பிடிச்சது இல்ல எங்க பொறந்தது, அம்மா யாரு, எத்தனை தடவை இடம் மாத்தினீங்க, என்ன மருந்து கொடுக்கறீங்க, செத்ததுங்க எந்த வயசுல எதனால செத்துச்சு, பிரேதப் பரிசோதனையில என்ன வந்துச்சுன்னு பேரோட, வருஷத்தோட எல்லாரும் பாக்கற மாதிரி வெளியிடுங்க. வேற எதுக்கும் பணம் இல்லன்னு நீங்க சொல்லலாம், இதுக்கு ஒரு பைசா செலவு கிடையாது. இதுலேர்ந்து ஆரம்பிங்க, எந்தப் பூங்கா முதல்ல வெளியிடுதுன்னு பாத்துக்கிட்டிருக்கோம்.